கப்பலுக்கு அரிசி அளந்த கரை

போன மாதம் ஒருநாள் காலை, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் அம்மாள் ஒரு மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பைக்குள் மகனின் சான்றிதழ்கள், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடிதம், கூடவே கைக்குட்டையில் முடிந்த இரண்டு வளையல். பையன் கேட்டரிங் படித்தவன். வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையலறையில் உதவியாள் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"ஏஜெண்டுக்கு ஒண்ணே முக்கால் லட்சம் கட்டணுமாம்ணே. வளையலை வெச்சிடலாமா, வேணாமா? நீங்க ஆபீஸ்ல கோப்பு பாத்தவரு. படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்த கோப்புகள் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் பற்றியவை. வழங்கல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தர். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, எடைக்குறைவு எவ்வளவு, காலிச் சாக்கு திரும்பி வந்ததா, இவைதான் என் உலகம். கடலுக்கும் எனக்கும் உத்தியோக முறையில் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் உல்லாசக் கப்பல் என்றதும் மற்றவர்களுக்கு விளக்கும் நீச்சல்குளமும் தோன்றுமென்றால், எனக்கு மூட்டைதான் தோன்றுகிறது. ஆயிரம் இரண்டாயிரம் பேர் மிதந்துகொண்டே மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். அந்த அரிசியை விளைவித்தவர் யார், சுமந்தவர் யார், பாத்திரம் கழுவுகிறவருக்கு எவ்வளவு?

இப்போது இதற்குப் பெரிய பெயர்கள் வைத்துக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லதுதான். ஆனால் இந்தக் கேள்வி நம் செங்கல்பட்டுக் கடற்கரைக்கு ஒன்றும் புதிதல்ல. எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரியில். 1954 நவம்பரில் கொடி மாறியபோது எனக்கு மூன்று வயது. படிப்பு பிரெஞ்சு வழியில். பதினெட்டு வயதில் தாய்மாமன் வீடு இருந்த செங்கல்பட்டுக்கு வந்து, தட்டச்சு கற்று, தேர்வு எழுதி, தமிழ்நாட்டு அரசு எழுத்தரானேன். அலுவலகத்தில் ஆரம்பத்தில் என்னை 'பிரெஞ்சுக்காரர்' என்று கேலி செய்வார்கள். எனக்கு வராத ஆங்கிலத்தைப் பற்றித்தான் உண்மையில் அந்தக் கேலி.

பள்ளியில் எங்களுக்குச் சரித்திரம் என்றால் பிரான்சின் சரித்திரம். அதில் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் ஒரு பெரிய வீரர். பருத்த உடம்பு, முன்கோபம், அஞ்சாத நெஞ்சு. 1782, 1783 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸோடு ஐந்து முறை மோதியவர். முதல் மோதலின் பெயரை வாத்தியார் 'சத்ராஸ்' என்பார். நாங்களும் 'சத்ராஸ், 17 ஃபெவ்ரியே 1782' என்று ஒப்பிப்போம். அது எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் ஊர் என்றே நினைத்திருந்தேன்.

எண்பதுகளில், திருக்கழுக்குன்றம் பக்கம் ரேஷன் கடைத் தணிக்கைக்காக ஆய்வாளரோடு போனபோது, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எதிரே செங்கல் கோட்டை. டச்சுக்காரர் கட்டியது. பலகையில் ஆங்கிலத்தில் 'சத்ராஸ்' என்று எழுதியிருந்தது. நான் மனப்பாடம் செய்த ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நான் கையெழுத்துப் போட்ட இருப்புப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைகளைத்தான் வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் தானியக் கிடங்கின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். தடித்த சுவர், இருட்டு. எலி வராமல் என்ன செய்தார்கள், மழையில் தரை ஓதம் ஏறாமல் என்ன செய்தார்கள் என்றுதான் யோசனை போயிற்று. தொழில் புத்தி.

இனி அந்த 1782-க்கு வருகிறேன். சுஃப்ரேன் பிப்ரவரி நடுவில் சென்னைக்கு முன்னால் வந்தார். ஹியூஸின் ஒன்பது போர்க்கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளின் காவலில் நங்கூரமிட்டிருந்தன. அங்கே மோதுவது ஆபத்து என்று சுஃப்ரேன் தெற்கே திரும்பினார். அவருக்கு கப்பல் எண்ணிக்கை கூடுதல்தான். ஆனால் கூடவே படையாட்களையும் சாமான்களையும் ஏற்றிய சரக்குக் கப்பல்கள் வேறு வந்துகொண்டிருந்தன. ஹியூஸ் இரவோடு இரவாகத் தெற்கே நழுவி, 16-ஆம் தேதி அந்தச் சரக்குக் கப்பல்களைத் துரத்தி, சிலவற்றைப் பிடித்துவிட்டார். அதில் 'லொரிஸ்டன்' என்ற கப்பலில் படைவீரர்களும் பீரங்கித் தளவாடமும் இருந்தன. மறுநாள்தான் சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே சண்டை. யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. இருட்டியதும் பிரிந்தார்கள். ஆங்கிலேயர் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குப் போக, பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கும் பிறகு பரங்கிப்பேட்டைக்கும் போனார்கள்.

எங்கள் வாத்தியார் 17-ஆம் தேதியைச் சொன்னார். 16-ஆம் தேதியைச் சொல்லவில்லை. சாமான் கப்பல் போனதுதான் என் கணக்கில் அந்த வாரத்தின் பெரிய நஷ்டம்.

ஒரு வழங்கல் எழுத்தர் கணக்குப் போட்டால் எப்படியிருக்கும் என்று பாருங்கள். பெரிய போர்க்கப்பல் ஒன்றில் அறுநூறு எழுநூறு பேர். மொத்தம் ஏழாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பிஸ்கோத்தும் உப்புக்கண்டமும் தீர்ந்துவிட்டால் அரிசிதான் கதி. ஆளுக்கு அரைக் கிலோ என்றாலும் நாளொன்றுக்கு மூன்றரை டன். மாதத்துக்கு 105 டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் 2,100 மூட்டை. ஒரு வட்டத்துக் கிடங்கைத் துடைத்து எடுத்துவிடும். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் தினம் 21,000 லிட்டர். இதெல்லாம் துறைமுகமே இல்லாத கரையில். புதுச்சேரிக் கோட்டையோ மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டுக் கிடந்தது.

ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பீப்பாய்த் தண்ணீரும் அலையைத் தாண்டிப் போயாக வேண்டும். அதற்கு இருந்தது சலங்கு. பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. கரையில் மோதினாலும் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. இதைப் பிரெஞ்சுக்காரர் 'ஷெலிங்' என்றார்கள், ஆங்கிலேயர் 'மசூலா' என்றார்கள். நம் கட்டுமரத்தை இரண்டு பேருமே எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் அகராதியில் வைத்துக்கொண்டார்கள். நூறு பீரங்கி இருந்தாலும் அட்மிரலின் சோறு கரையார் கை துடுப்பில்தான் இருந்தது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அப்போது சுஃப்ரேனுக்குச் சோறு போட்டது யார்? ஹைதர் அலி. பிரெஞ்சுக்காரர் கையில் பணமும் இல்லை, நிலமும் இல்லை. ஹைதரின் தயவில்தான் அரிசியும் ஆடுமாடும் வந்தன. ஜூலையில் சுஃப்ரேன் கடலூர்ப் பக்கம் ஹைதரை நேரில் சந்தித்ததை எங்கள் புத்தகம் படத்தோடு போட்டிருந்தது. கூடாரம், கம்பளம், யானை. ஆனால் ஹைதருக்கு அந்த நெல் எங்கிருந்து வந்தது என்று புத்தகம் சொல்லவில்லை. நம் குடியானவர்களிடமிருந்துதான் வந்திருக்கும்.

1780-ல் ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயப் படை அழிந்தது. அதற்குப் பிறகு குதிரைப்படை சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் பாழாக்கியது. சென்னைக்கு நெல் போகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அந்த ஊர்கள் வேறெதுவும் அல்ல, கம்பெனியார் 'ஜாகீர்' என்று அழைத்த நம் செங்கல்பட்டுச் சீமை. பதினைந்து ஆண்டுகள் கழித்து இங்கே கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளம் எலும்புகளும் எரிந்த வீடுகளின் சுவர்களும்தான் என்று எழுதி வைத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவர் என்று ஏரி காத்த ராமர் கோயிலில் நாம் கேள்விப்படுகிறோமே, அதே பிளேஸ்தான். வரி வசூலிலும் கெட்டிக்காரர். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் பக்கமும் இதே கதைதான். சுற்றுவட்டாரம் பாழாகிவிட்டதால் சென்னைக்கு அரிசி வங்காளத்திலிருந்து கடல் வழியாக வந்தது. 1782 அக்டோபர் நடுவில் பருவமழைக்குப் பயந்து ஹியூஸ் தன் கப்பல்களோடு சென்னையை விட்டுக் கிளம்பினார். அன்றிரவே புயல் அடித்தது. அரிசி ஏற்றிவந்து சென்னைக்கு முன்னால் நின்ற உள்ளூர்க் கலங்கள் பல உடைந்து போயின. ஏற்கெனவே பஞ்சம், கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களால் பட்டணம் நிரம்பியிருந்தது. தெருவில் சாவு. அந்த ஆண்டில்தான் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். ஸ்டான்லி மருத்துவமனையை என் மாமி கடைசிவரை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னாள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

ஆகவே 'சத்ராஸ், 17 ஃபெவ்ரியே' என்று நான் ஒப்பித்த வீரக்கதையின் அடியில், இரண்டு கப்பற்படைகள் தின்றதும் ஒரு சீமை பட்டினி கிடந்ததும் இருக்கின்றன. சுஃப்ரேன் வீரர்தான், மறுக்கவில்லை. புதுச்சேரியில் அவர் பெயரில் தெருவே இருக்கிறது. சலங்கு தைத்தவன் பெயரில் தெரு இல்லை.

இனி எனக்குச் சொந்தமான ஒரு சிறு ஆதாரம். என் தாத்தா புதுச்சேரிப் பாலத்தில் வேலை பார்த்தவர். பாலம் என்றால் கடலுக்குள் நீண்டிருந்த இறங்குதுறை. 1952 புயலில் போய்விட்டது. கப்பல்களுக்குச் சாமான் போடுகிற ஒரு துபாஷியிடம் தாத்தா கணக்கர். துபாஷி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி பட்டும் பல்லக்கும் நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் துறைமுகங்களில் துபாஷி என்றால் கப்பலுக்குக் கோழி, காய்கறி, ஆட்டிறைச்சி, தேங்காய், விறகு, தண்ணீர் சப்ளை செய்பவர் என்றே ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து புதுச்சேரி, சென்னை வழியாகக் கல்கத்தா போகும் பிரெஞ்சுத் தபால் கப்பல்களுக்கும் சாமான் போகும். தாத்தாவின் குறிப்பேடு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. ஒன்றின் தலைப்பு 'பயணிகளுக்கு'. மற்றொன்று 'உள்நாட்டு மாலுமிகளுக்கு'. முதல் பத்தியில் சம்பா. இரண்டாவதில் மட்டரகம், அதற்கு எதிரே பல இடங்களில் 'பழையது' என்று சின்ன எழுத்தில் தமிழில் குறிப்பு. அந்தக் குறிப்பைப் பிரெஞ்சில் எழுதவில்லை. துரை படித்துவிடுவார் என்ற பயமா, அல்லது துரைக்குத் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுத வேண்டும் என்ற அலுப்பா என்று இப்போது கேட்க ஆளில்லை.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் உத்தியோக காலத்தில் ஒரு கிடங்கில் (எந்த ஊர் என்று வேண்டாம்) மூட்டைக்கு இரண்டு கிலோ குறைவாக வந்துகொண்டிருந்ததை மூன்று மாதம் பார்த்துவிட்டு, 'போக்குவரத்துச் சேதாரம்' என்று நானே எழுதியிருக்கிறேன். மேலே இருந்தவர் அப்படித்தான் எழுதச் சொன்னார். நான்காவது மாதம் எழுத மறுத்தேன். அதற்குப் பலன், வேறு இருக்கைக்கு மாற்றல். அந்த மூன்று மாதத்து இரண்டு கிலோ எந்தெந்த வீட்டு உலையில் குறைந்தது என்று இப்போதும் சில இரவுகளில் நினைப்பு வரும்.

கப்பலில் ஆளுக்கு ஆள் அளவு மாறுவது சட்டப்படியே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயக் கப்பல்களில் ஒரு காலத்தில் வெள்ளை மாலுமிக்குப் படுக்க 72 கன அடி இடம். நம் லஸ்கர் மாலுமிக்கு 36. பிறகு வெள்ளையருக்கு 120 ஆக உயர்ந்தது. நம்மவர் உடம்பு அரை உடம்பு என்று யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள் போலும்.

மாலுமியாவது சம்பளத்துக்குப் போனவன். பயணியே சரக்காகப் போன கப்பல்களும் நம் கரையிலிருந்து கிளம்பின. கரும்புத் தோட்டங்களில் அடிமை முறையைப் பிரான்சு 1848-ல் ஒழித்தது. தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் நம்மவரை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர், மார்த்தினிக்குக்கு 25,000-க்கு மேல், ரெயூனியனுக்கு அதைவிடப் பன்மடங்கு. 1861-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேய எல்லையிலிருந்தும் ஆள் திரட்ட வழி பிறந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, புளி, மிளகாய் என்று கப்பலில் ஏற்ற வேண்டிய சாமானுக்குப் பட்டியல் உண்டு, வைத்தியர் உண்டு, விதிமுறை உண்டு. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் சாமான் போடுகிறவருக்கு ஒரு லாபம், ஆள் பிடிப்பவருக்குத் தலைக்கு ஒரு கமிஷன். ஆள் பிடிக்கிறவர் கிராமத்தில் என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் மஞ்சள் பை அம்மாளின் கடிதம் என் மனதில் உறுத்தியது. தலைக்கு இவ்வளவு என்பது மாறவேயில்லை. அப்போது கமிஷனைத் தோட்டக்காரர் கொடுத்தார். இப்போது போகிறவனே கொடுக்க வேண்டுமாம்.

அம்மாளிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, மருமகனின் கணினியில் உட்கார்ந்து படித்தேன். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று 2006-ல் ஜெனீவாவில் நிறைவேறி, 2013 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாடு 2015-ல் ஏற்றுக்கொண்டது. உல்லாசக் கப்பலின் சமையற்காரர், பரிமாறுகிறவர், அறை துடைப்பவர் எல்லோரும் அதன்படி கடல் தொழிலாளரே. வேலையில் இருக்கும் காலத்தில் சாப்பாட்டுக்குக் காசு பிடிக்கக் கூடாது. தண்ணீரும் சாப்பாடும் தரமாக இருக்க வேண்டும். ஓய்வு நேரத்துக்குக் கணக்கு உண்டு. முக்கியமானது, வேலை வாங்கிக் கொடுத்ததற்கென்று தொழிலாளியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகிய செலவுகள் மட்டும் அவனுடையது. விசாச் செலவு கப்பல்காரர் தலையில். ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் உரிம எண் கொடுத்திருக்க வேண்டும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அம்மாள் கொண்டுவந்த கடிதத்தில் கோபுரம் மாதிரி ஒரு சின்னம் இருந்தது, கலர் கலராக முத்திரை இருந்தது. உரிம எண் இல்லை.

நம் கரைக்கே உல்லாசக் கப்பல் வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் கொடியசைத்து 'கோர்டீலியா' கப்பலை அனுப்பிவைத்தார். சுற்றுலாத் துறையின் ஏற்பாடு. விசாகப்பட்டினம் போய், புதுச்சேரியைத் தொட்டு, சென்னை திரும்பும் பயணம் ஒன்று. ஆனால் புதுச்சேரியில் சூதாட்டம் பற்றி எதிர்ப்பு எழுந்து, அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கரைக்கு வராமலே திரும்பியது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் 1952-க்குப் பிறகு கட்டிய புதிய பாலத்திலும் ஒரு பகுதி கடலில் விழுந்திருந்தது. தொலைக்காட்சியில் தூரத்துக் கப்பலைக் காட்டினார்கள். என் தாத்தா இருந்திருந்தால் சலங்கு எங்கே என்று கேட்டிருப்பார். எல்லோரும் சூதாட்டத்தைப் பற்றியே பேசினார்கள். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கோழியும் கீரையும் மீனும் யாரிடம் வாங்குகிறார்கள், கழிவை எங்கே கொட்டுகிறார்கள், உள்ளே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு என்ன சம்பளம் என்று ஒருவரும் கேட்டு நான் கேட்கவில்லை.

கழிவுக்கும் சர்வதேச விதி உண்டு. பிளாஸ்டிக் எங்கேயும் கடலில் போடக் கூடாது. மிச்ச உணவைப் பொடியாக அரைத்தால் கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டிக் கொட்டலாம். அரைக்காவிட்டால் 12 கடல் மைல். எங்கள் பக்கத்துக் குப்பத்து மீனவ நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மூணு மைலா? அதுக்குள்ளதான் சார் எங்க வலை இருக்கு, அதத் தாண்டியும் இருக்கு" என்றார்.

விருந்து மேசையின் ராஜா இறால். அதன் சரித்திரமும் நம்முடையதே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடற்கரை நெடுகப் பண்ணைகள் வந்தன. நல்ல வயலை வெட்டி உப்புத் தண்ணீர் விட்டார்கள். ஏற்றுமதி, டாலர் என்று ஒரே பேச்சு. செய்யூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கர்ணம் வீட்டுக் கிணறு இரண்டே வருஷத்தில் கரித்துப்போயிற்று. குடிக்கப் பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமந்தார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பு. கடலோரம் 500 மீட்டருக்குள் பாரம்பரிய முறையல்லாத பண்ணைகளை எடுக்க வேண்டும், கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்றது. வேலையிழக்கும் பண்ணைத் தொழிலாளிக்குக் கூடுதலாக ஆறு வருஷச் சம்பளம் தர வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நீதிபதிகள் மீது எனக்கு மரியாதை கூடிற்று. நிலத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் கூலிக்காரனை மறக்கவில்லையே. பிறகு 2005-ல் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழி செய்துவிட்டது. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கெடுதல் குறைய வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. சாப்பிடுகிறவன் கேட்டு வாங்கினால் பண்ணைக்காரன் செய்வான்.

வலையில் பிடிக்கிற இறாலுக்கு வேறு பாவம். 2025 ஜனவரியில் சென்னையிலிருந்து நம் மாவட்டக் கரைவரை ஆமைகள் செத்து ஒதுங்கின, ஆயிரத்துக்கு மேல். முட்டையிட வந்த பங்குனி ஆமைகள். இழுவைப் படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. வலையில் ஆமை தப்பிக்க ஒரு கருவி பொருத்த வேண்டும். அந்தக் கருவி இல்லையென்று சொல்லி அமெரிக்கா நம் இறாலை மறுத்தது. நம் நாடும் மற்ற மூன்று நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி, 1998-ல் தீர்ப்பும் வந்தது. வழக்கில் எவர் ஜெயித்தார் என்பதைவிட, கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் மாமல்லபுரம் மணலில் ஆமை கிடந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காலை நடையில் நான் எண்ணியவை மட்டும் ஏழு.

மாமல்லபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் நின்றால் பயணிகள் பஸ்ஸில் இங்கே வருவார்கள். கடற்கரைக் கோயிலில் ஒரு மணி நேரம், ஐந்து ரதத்தில் அரை மணி நேரம், சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். கல் தட்டும் சிற்பியிடம் வாங்குவதைவிட, பஸ் நிற்கும் பெரிய கடையில் வாங்குவதே அதிகம். அந்தக் கடை விலைக்குள் எத்தனை பேருடைய கமிஷன் இருக்கிறது என்று சிற்பி ஒருவர் எனக்குக் கணக்குச் சொன்னார். கேட்டபோது தாத்தாவின் இரண்டு பத்தி ஞாபகம் வந்தது. ஒரு கப்பல் வந்தால் நூறு கிலோ கீரையும் ஐம்பது இளநீர்க் குலையும் திருக்கழுக்குன்றம் சந்தையில் எடுத்துக்கொண்டால்கூட இந்த ஊர் மக்களுக்கு அது ஒரு தீபாவளி. எடுக்க மாட்டார்கள். ஒரே தரம், ஒரே அளவு, ஒரே பெட்டி வேண்டும் அவர்களுக்கு. நம் கத்தரிக்காய் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது.

மூன்றாம் நாள் அம்மாள் வந்தார். பையனையும் கூட்டிவந்திருந்தார். நான் அந்த ஏஜெண்டுக்கு அலுவலக பாணியில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். பார்வை, பொருள், வரிசை எண் எல்லாம் போட்டு: உரிம எண்ணைத் தெரிவிக்கவும், கோரும் தொகை எந்த விதியின் கீழ் என்று குறிப்பிடவும். பையன் அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினான். அன்று மாலை ஏஜெண்டு கூப்பிட்டு, "யாருப்பா அந்தப் பெரியவரு?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு அவருடைய போன் எடுக்கப்படவில்லை.

பையனுக்கு என் மேல் வருத்தம்தான். "தாத்தா, எதுக்குக் கேட்டீங்க? பணத்தைக் கட்டியிருந்தா போயிருப்பேன்" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் தாத்தாவின் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். பிரெஞ்சு எழுத்து அவனுக்குப் புரியவில்லை. 'பழையது' என்ற தமிழ்ச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன, சோறா?" என்றான்.

இப்போது உரிமம் உள்ள வேறு ஒரு நிறுவனத்தில் விண்ணப்பித்திருக்கிறான். கப்பல் பாதுகாப்புப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான், கட்டணத்துக்கு ரசீது வாங்கி என்னிடம் காட்டினான். வளையல் இரண்டும் அம்மாள் கையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவனைச் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்லறைகளை அவன் பார்த்துக்கொள்ளட்டும். நான் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் வலி, அவ்வளவு தூரம் சுற்ற முடியாது.